முதுகுவலிக்கு இழுவை மேசை: முன்பணம் கட்டும் முன்பு

மண்ணூர்பேட்டை முதுகுவலிக்குப் பஞ்சமில்லாத பகுதி. அருகிலேயே அம்பத்தூர் தொழிற்பேட்டை. லேத் இயந்திரத்தின் முன் ஷிப்ட் முழுவதும் நிற்பவர்கள், பாரம் ஏற்றி இறக்குபவர்கள், கணினி முன் குனிந்தே இருப்பவர்கள், இவர்களோடு என்னைப் போன்ற ஓய்வூதியர்கள். 'அறுவைச் சிகிச்சை இன்றி டிஸ்க் பிரச்னைக்குத் தீர்வு' என்னும் விளம்பரம் இங்கு எளிதில் எடுபடுவதில் வியப்பில்லை.

'ஸ்பைனல் டீகம்ப்ரஷன்' எனப்படும் இச்சிகிச்சை முற்றிலும் புதியதன்று. காலில் எடை கட்டி இழுக்கும் பழைய 'ட்ராக்ஷன்' முறையின் கணினி வடிவமே இது. நோயாளியை மேசையில் படுக்க வைத்து, இடுப்பில் பட்டை கட்டி, மோட்டார் விட்டுவிட்டு இழுக்கிறது. இழுக்கும்போது முதுகெலும்புகளுக்கு இடையிலான அழுத்தம் குறைந்து, பிதுங்கிய வட்டு உள்வாங்கும், நசுங்கிய நரம்பு விடுபடும் என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். கேட்பதற்குப் பொருத்தமாகவே இருக்கிறது. ஆனால், விளக்கம் வேறு, சான்று வேறு.

இழுவைச் சிகிச்சை குறித்த 32 ஆய்வுகளை, 2,700க்கும் மேற்பட்ட நோயாளிகளின் தரவுகளோடு தொகுத்த காக்ரேன் மதிப்பாய்வு 2013இல் வெளியானது. வலியிலோ, அன்றாடச் செயல்பாட்டிலோ குறிப்பிடத்தக்க பலன் இல்லை என்பதே அதன் முடிவு. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016இல், கீழ்முதுகு வலிக்கு இழுவைச் சிகிச்சையைப் பரிந்துரைக்க வேண்டாம் என்றது. நாள்பட்ட முதுகுவலி பற்றிய உலக சுகாதார நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் அதையே சொல்கிறது. மறுபக்கமும் உண்டு. பாகிஸ்தானில் 60 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2022இல் வெளியான ஆய்வில், வழக்கமான இயன்முறைச் சிகிச்சையோடு இதையும் சேர்த்துப் பெற்றவர்கள் நான்கு வார முடிவில் கூடுதலாகத் தேறியிருந்தனர். 60 பேர், நான்கு வாரம் என்பது நம்பிக்கை கொள்ளப் போதுமே தவிர, பெருந்தொகையைச் செலவிடப் போதாது.

அப்படியானால், 'எனக்குக் குணமானதே' என்பவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. பொருளியலில் 'சராசரிக்குத் திரும்புதல்' என்று மாணவர்களுக்குப் பல்லாண்டுகள் பாடம் நடத்தியிருக்கிறேன். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் மனிதர் சிகிச்சையைத் தேடுகிறார். உச்சத்துக்குப் பின் வருவது பெரும்பாலும் இறக்கமே. காலில் பரவும் கடும் நரம்பு வலியுள்ள 283 பேரிடம் நெதர்லாந்தில் நடந்து 2007இல் வெளியான ஆய்வு இதற்குச் சான்று. உடனே அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளும் பிரிவிலும், காத்திருக்கும் பிரிவிலும் ஓராண்டில் 95 சதவீதம் பேர் தேறினர். காத்திருந்தோரில் 39 சதவீதத்தினருக்குப் பின்னர் அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டது, எஞ்சியோருக்குத் தேவைப்படவில்லை. அந்தக் காத்திருப்புக் காலத்தில் யார் எந்தச் சிகிச்சையை விற்றிருந்தாலும் பெயர் அதற்கே போயிருக்கும்!

எம்.ஆர்.ஐ. அறிக்கையைக் கண்டு அஞ்சுவோரும் அதிகம். வலியே இல்லாதவர்களின் படங்களைத் தொகுத்த 2015ஆம் ஆண்டு மதிப்பாய்வில், இருபது வயதினரில் 30 சதவீதம் பேருக்கும், எண்பது வயதினரில் 84 சதவீதம் பேருக்கும் வட்டுப் பிதுக்கம் இருந்தது. 'எல்-4, எல்-5 பல்ஜ்' என்னும் சொற்கள் மட்டுமே சிகிச்சைக்குக் காரணமாகிவிடா.

மருத்துவச் சந்தையில் விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரிவதில்லை என்பதை கென்னத் ஆரோ 1963லேயே விளக்கினார். 'பேக்கேஜ்' முறை இந்த இடைவெளியை இன்னும் அகலமாக்குகிறது. ஓர் அமர்வுக்கு 1,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 20 அமர்வுக்கு 30,000 ரூபாய். மொத்தமாகக் கட்டிவிட்டால், ஐந்தாவது அமர்வில் பலன் தெரியாவிட்டாலும் போட்ட பணத்துக்காகவே தொடர்ந்து போவோம். சிகிச்சையின் தன்மை, ஆபத்து, மாற்று வழிகள் ஆகியவற்றை நோயாளிக்கு விளக்கியே ஒப்புதல் பெற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2008இல் சமீரா கோலி வழக்கில் தீர்ப்பளித்தது. மாற்று வழிகளைக் கேட்டறிவது நமது உரிமை.

சிலர் இந்த மேசையில் படுக்கவே கூடாது. எலும்புத் தேய்மான நோய் முற்றியவர்கள், எலும்பு முறிவு, புற்றுநோய், முதுகெலும்புக் காசநோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், முதுகில் உலோகம் பொருத்தப்பட்டவர்கள், வயிற்றுப் பெருந்தமனி வீக்கம் உள்ளவர்கள் அவர்களுள் அடங்குவர். காசநோய் நீங்காத நம் நாட்டில், காய்ச்சலும் எடைக்குறைவும் சேர்ந்த முதுகுவலியை இழுவையால் தீர்க்க முனைவது பேராபத்து. சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழத்தல், தொடையிடுக்கில் மரத்துப்போதல், கால் வலுவிழத்தல் ஆகியவை தென்பட்டால் அன்றே பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இந்த ஆபத்துகள் இல்லாமல், வலி காலுக்குப் பரவி, சில வாரப் பயிற்சிக்குப் பின்னும் குறையாமல், மருத்துவரும் பரிசோதித்துத் தடையில்லை என்றவர்கள் முயன்று பார்க்கலாம். பயிற்சிக்குத் துணையாக மட்டும், அதற்கு மாற்றாக அன்று. நடமாட்டம், இயன்முறைப் பயிற்சி, தேவைப்பட்டால் குறுகிய கால வலி மாத்திரை என்பதே முதல் வழி. தொழிற்பேட்டை ஊழியர்களில் காப்பீடு உள்ளோருக்கு இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சை வீட்டுக்கே வருகிறது.

அதன் பிறகும் இழுவைதான் என்று முடிவு செய்தால், முதல் நான்கைந்து அமர்வுகளுக்கு மட்டும் தனியே பணம் வாங்குவார்களா என்று கேளுங்கள். எத்தனை அமர்வில் என்ன மாற்றம் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் எப்போது நிறுத்துவது என்பதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். மறுத்தால், அடுத்த மையத்தில் விசாரியுங்கள்.