முதலில் சிவப்பு அடங்கட்டும், பிறகு சீரம்!

பரு ஆறிவிடும். ஆனால், அது இருந்த இடத்தில் ஒரு கரும்புள்ளி மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். திடலில் ஒரு மணி நேரம் ஓடிவிட்டு வந்தால் கன்னம் சூடேறிச் சிவக்கும். புதிய கிரீம் எதைத் தொட்டாலும் எரியும். இந்த இரண்டு தொல்லையும் ஒரே முகத்தில் இருக்கும் மாணவர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆண் பிள்ளைகளும் இதற்கு விலக்கல்லர். பலர் வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.

ஆயர் தாவாரில் இருப்பவர் இதற்காகச் சித்தியவான் வரை போக வேண்டியதில்லை. கைப்பேசியில் ஓர் அழுத்து அழுத்தினால் 'பிரைட்டனிங் சீரம்' வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது. எதை வாங்குவது, எப்படிப் பூசுவது, எதைத் தொடவே கூடாது என்று தெரிந்துகொண்டு வாங்குவதுதான் கடினம். எளிதில் சிவக்கும் முகத்திற்கு இந்தத் தெளிவு மற்றவர்களைவிட அதிகம் தேவை.

ரப்பர் பாலும் தோலும்

நம் தாத்தா பாட்டிகளில் பலர் பால்வெட்டு வேலை செய்தவர்கள். ரப்பர் பாலைச் சும்மா விட்டால் நிறம் மங்கிப் பழுப்பாவதை அவர்கள் நன்கு அறிவார்கள். பாலில் இருக்கும் ஒரு நொதி காற்றோடு சேர்ந்து செய்யும் வேலை அது. வெளிர்நிற ரப்பர் தயாரிக்கும் ஆலைகளில் இதைத் தடுக்கவே சோடியம் பைசல்பைட் போன்ற இரசாயனத்தைக் கலக்கிறார்கள். நறுக்கி வைத்த கத்தரிக்காய் கறுப்பதும் இதே போன்ற நொதியால்தான்.

நம் தோலிலும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த, செம்பு கலந்த ஒரு நொதி இருக்கிறது. அதன் பெயர் டைரோசினேஸ். தோலின் நிறமி உயிரணுக்களில் மெலனின் உருவாவதைத் தொடக்கி வைப்பது அதுதான். உருவான மெலனின் சிறு பொட்டலங்களாக மேல்தோல் உயிரணுக்களுக்குப் போய்ச் சேர்கிறது. கறுத்தவருக்கும் வெளுத்தவருக்கும் நிறமி உயிரணுக்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றே. அவை செய்யும் மெலனினின் அளவும் வகையும் அது பரவும் விதமும்தான் வேறுபடுகின்றன.

நல்ல சீரம் என்பது, ஓர் இடத்தில் அளவுக்கு மீறி மெலனின் சேர்வதைக் குறைக்கும் ஒரு திரவம். சில பொருள்கள் டைரோசினேஸின் வேகத்தைக் குறைக்கின்றன. சில, மெலனின் பொட்டலங்கள் மேல்தோலுக்குப் போவதைக் குறைக்கின்றன. பிறவி நிறத்தை மாற்றுவது இதன் வேலையல்ல. புள்ளியும் திட்டும் குறைந்து, முகம் முழுவதும் உங்கள் சொந்த நிறத்திற்கே திரும்புவதுதான் எதிர்பார்க்க வேண்டிய பலன். 1975இல் இந்தியாவில் அறிமுகமான 'ஃபேர் அண்ட் லவ்லி', 2020இல் 'குளோ அண்ட் லவ்லி' என்று பெயர் மாறியது நினைவிருக்கலாம். டப்பாவில் உள்ள சொற்கள் மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே, முன்பக்கத்துப் பெயரை விட்டுவிட்டுப் பின்பக்கத்தில் உள்ள உட்பொருள் பட்டியலைப் படிக்கப் பழகுங்கள்.

புள்ளியின் வேர் எங்கே?

பழுப்பு நிறத் தோலில் எந்த அழற்சி வந்தாலும், அது போகும்போது கருமையை விட்டுச் செல்லும் வாய்ப்பு அதிகம். பரு, கொசுக்கடி, ஒவ்வாமை, நகத்தால் கிள்ளியது, கரகரப்பான ஸ்கிரப்பால் தேய்த்தது என எல்லாமே அழற்சிதான். அழற்சியின் போது வெளிப்படும் வேதிப்பொருள்கள் நிறமி உயிரணுக்களைத் தூண்டிவிடுகின்றன.

இங்கே ஒரு சிக்கலும் உண்டு. வெளிர்நிறத் தோலில் சிவப்பு பளிச்சென்று தெரியும். நம் தோலில் அதே அழற்சி ஊதா கலந்த பழுப்பாகவோ வெறும் கருமையாகவோ தெரியலாம். அதனால் நாம் அதை 'கறுத்துவிட்டது' என்று முடிவு கட்டி, வீரியமான சீரத்தைப் பூசுகிறோம். அது எரிகிறது. எரிச்சலே புதிய அழற்சியாகிறது. சில வாரங்களில் கருமை கூடுகிறது. உடனே அதைவிட வீரியமான ஒன்றைத் தேடுகிறோம். இந்தச் சுழற்சியில் மாட்டிக்கொண்டவர்கள் பலர்.

வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய ஒரு சிறு சோதனை இருக்கிறது. நிறமற்ற, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் அடிக்கோலைக் கழுவித் துடைத்து, அந்தப் புள்ளியின் மேல் மெதுவாக அழுத்திப் பாருங்கள். நிறம் மங்கினால் அங்கே இரத்த ஓட்டத்தால் வந்த சிவப்பு இருக்கிறது. அழுத்தியும் நிறம் அப்படியே இருந்தால் அது பெரும்பாலும் நிறமி. தோல் மருத்துவர்கள் கண்ணாடித் துண்டை வைத்துச் செய்வதும் இதைத்தான். மருத்துவரின் முடிவுக்கு இது மாற்றாகாது. ஆனால், எதை முதலில் கவனிக்க வேண்டும் என்று காட்டும்.

எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

எளிதில் சிவக்கும் தோலுக்குப் பொதுவாக இணக்கமானவை இவை:

நியாசினமைடு: வைட்டமின் பி3 வகை. மெலனின் மேல்தோலுக்குப் போவதைக் குறைக்கிறது. தோலின் பாதுகாப்புப் படலத்தையும் வலுப்படுத்துகிறது. 4 அல்லது 5 விழுக்காடு போதும். 10 விழுக்காடு சிலருக்கு எரிச்சல் தரும்.

அசெலாயிக் அமிலம்: கோதுமை, பார்லி போன்ற தானியங்களில் இயற்கையாக உள்ள பொருள். சிவப்பு, பரு, கருமை ஆகிய மூன்றுக்கும் உதவுவதால் இத்தகைய முகத்திற்கு மிகப் பொருத்தமானது. 15, 20 விழுக்காட்டு வகைகளை மருத்துவர் ஆலோசனையோடு மட்டும் பயன்படுத்துங்கள். தொடக்கத்தில் சில நிமிடங்கள் இலேசாகக் குறுகுறுக்கும்.

டிரானெக்சாமிக் அமிலம்: இரத்தப்போக்கைக் கட்டுப்படுத்த ஜப்பானில் உருவாக்கப்பட்ட மருந்து. மங்கு மறைய உதவுவது பின்னர் தெரியவந்தது. இப்போது சீரங்களிலும் சேர்க்கப்படுகிறது. மாத்திரையாகச் சொந்தமாக வாங்கி விழுங்கக் கூடாது.

அதிமதுரச் சாறு: பாட்டி வைத்தியத்தில் நாம் அறிந்த அதிமதுரத்தில் உள்ள கிளாப்ரிடின் டைரோசினேஸைக் கட்டுப்படுத்தக் கூடியது. எனினும், வேரை அரைத்து முகத்தில் பூசுவதும், அளவறிந்து தயாரித்த சீரத்தைப் பூசுவதும் ஒன்றாகாது.

வீரியமான வைட்டமின் சி, கிளைக்காலிக் அமிலம், ரெட்டினால், வாசனைத் திரவியம் கலந்தவை ஆகியவற்றை இத்தகைய தோல் உள்ளவர்கள் தொடக்கத்தில் தவிர்ப்பது நல்லது. எலுமிச்சைச் சாற்றை நேரடியாக முகத்தில் தேய்க்கவே வேண்டாம். அதன் அமிலம் எரிக்கும். அதோடு வெயிலும் சேர்ந்தால் கொப்புளமும் கருந்திட்டும் வரலாம்.

பூசும் முறை

முதல் இரண்டு மூன்று வாரங்களுக்குச் சீரமே வேண்டாம். மென்மையான, வாசனையில்லாத முகக்கழுவி, ஈரப்பதக் கிரீம், காலையில் சன்ஸ்கிரீன் ஆகிய மூன்று மட்டும் போதும். எரிச்சலும் சிவப்பும் தணிகின்றனவா என்று பாருங்கள்.

பிறகு, வாங்கிய சீரத்தை முழங்கையின் உட்புறத்தில் சிறிய அளவில் தினமும் இரு முறை, 7 முதல் 10 நாள் பூசிப் பாருங்கள். அரிப்போ தடிப்போ இல்லையென்றால் முகத்திற்கு வரலாம். முதலில் வாரத்தில் இரண்டு இரவு. பழகிய பின் ஒரு நாள் விட்டு ஒரு நாள். அதன் பிறகு தினமும். ஒரு நேரத்தில் ஒரு புதிய பொருள் மட்டுமே. மூன்றை ஒன்றாகத் தொடங்கினால் எது எரித்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

மேல்தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஏறக்குறைய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். ஆகவே, 8 முதல் 12 வாரத்திற்கு முன் பலனைக் கணக்கிட வேண்டாம். அடுத்த வாரம் தீபாவளி என்று இந்த வாரம் சீரம் வாங்குவதில் பயனில்லை.

சன்ஸ்கிரீன் இல்லாமல் சீரம் பூசுவது, ஓட்டை வாளியில் நீர் இறைப்பது போலத்தான். நிலநடுக்கோட்டுக்கு அருகில் வாழும் நமக்கு ஆண்டு முழுவதும் புற ஊதாக் கதிரின் அளவு அதிகம். எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேல் உள்ளதை, இரண்டு விரல் நீளத்திற்குப் பிழிந்து முகத்திலும் கழுத்திலும் பூசுங்கள். வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்திற்கு ஒரு முறை மீண்டும் பூச வேண்டும். கண்ணுக்குத் தெரியும் ஒளியும் நம் போன்ற தோலில் கருமையைத் தூண்டும். அதனால் அயர்ன் ஆக்சைடு கலந்த, தோல் நிறச் சன்ஸ்கிரீன் கூடுதல் பயன் தரும்.

'ஒரே வாரத்தில் வெளுப்பு'

மேலே சொன்ன எதுவும் ஒரு வாரத்தில் பலன் தராது. அப்படியானால், ஒரு வாரத்தில் பலன் தரும் கிரீமில் என்ன இருக்கிறது?

பெரும்பாலும் மூன்றில் ஒன்று. முதலாவது பாதரசம். இது டைரோசினேஸில் உள்ள செம்பின் இடத்தைப் பிடித்து மெலனின் உற்பத்தியை முடக்குகிறது. தோல் வழியாக உடலுக்குள் சென்று சிறுநீரகத்தைத் தாக்குகிறது. கேரளாவின் மலப்புரம் மாவட்டத்தில், கோட்டக்கல்லில் உள்ள ஒரு மருத்துவமனையின் மருத்துவர்கள் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, சிறுநீரில் புரதம் வெளியேறும் ஒரு வகைச் சிறுநீரக நோயாளிகள் 22 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அரிதான ஒரே துணைவகை இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் நோய் வருவதற்கு முன் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள். பாதரசக் கிரீமின் ஆவி, ஒரே துண்டைப் பயன்படுத்தும் தம்பி தங்கைகளையும் பாதிக்கக் கூடும்.

இரண்டாவது ஸ்டீராய்டு. சிவக்கும் முகம் உள்ளவர்களை எளிதில் ஏமாற்றுவது இதுதான். இரண்டு மூன்று நாளில் சிவப்பு மாயமாகும், முகம் வழவழப்பாகும். தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து இரத்த நாளங்கள் தெரியத் தொடங்கும். நிறுத்தினால் சிவப்பும் பருவும் முன்னைவிட மோசமாகத் திரும்பும். இந்தியத் தோல் மருத்துவர்கள் இதை 'ஸ்டீராய்டால் பழுதுபட்ட முகம்' என்றே அழைக்கிறார்கள்.

மூன்றாவது ஹைட்ரோகுவினோன். இதன் குடும்பக் கதை ரப்பரோடு தொடர்புடையது. 1939இல் அமெரிக்காவில், ரப்பர் கையுறை அணிந்து தோல் பதனிடும் ஆலையில் வேலை செய்தவர்களின் கைகளில் வெள்ளைத் திட்டுகள் தோன்றின. ரப்பர் கெடாமல் இருக்கக் கலந்த, ஹைட்ரோகுவினோன் வகைப் பொருளே காரணம் என்று மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். ஹைட்ரோகுவினோன் இன்று மருத்துவர் கண்காணிப்பில் குறுகிய காலம் பயன்படும் மருந்து. தன்னிச்சையாக நீண்ட நாள் பூசினால், நீலம் கலந்த நிலையான கருமை வரலாம்.

வாங்கும் முன் 2 நிமிடம்

மலேசியாவில் விற்கப்படும் அழகுப் பொருள்கள் சுகாதார அமைச்சின் கீழுள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனமான என்.பி.ஆர்.ஏ.விடம் அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். அந்த எண் என்.ஓ.டி. என்ற மூன்று எழுத்துகளில் தொடங்கி, இலக்கங்களைத் தொடர்ந்து, கே என்ற எழுத்தில் முடியும். பாதரசம், ஹைட்ரோகுவினோன், டிரெட்டினோயின், பீட்டாமெத்தசோன் கண்டுபிடிக்கப்பட்ட பொருள்களின் அறிவிப்பை அந்நிறுவனம் அவ்வப்போது இரத்து செய்து, பெயர்களை வெளியிடுகிறது. எனவே, எண் இருக்கிறது என்பதோடு நிற்காமல், அதன் இணையத்தளத்தில் அந்த எண்ணைத் தட்டி, பெயர் பொருந்துகிறதா, இரத்தாகிவிட்டதா என்று பாருங்கள்.

அறிவிப்பு என்பது, ஒவ்வொரு பாட்டிலையும் அரசாங்கம் சோதித்துவிட்டது என்று பொருளாகாது. 2013இல் ஜப்பானின் கானெபோ நிறுவனம், ரோடோடெனால் கலந்த தன் பொருள்களைத் திரும்பப் பெற்றது. ஏறக்குறைய 20,000 பேருக்கு வெள்ளைத் திட்டுகள் வந்திருந்தன. பெயர் பெற்ற பொருளாக இருந்தாலும், திட்டு தெரிந்த அன்றே நிறுத்திவிட வேண்டும்.

உட்பொருள் பட்டியலே இல்லாத டப்பா, 'தங்கம், வெள்ளி, ரப்பரில் படாமல் பார்த்துக்கொள்ளவும்' என்ற எச்சரிக்கை ஆகியவை பாதரசத்தின் அடையாளங்களாக இருக்கலாம். உங்களில் சிலர் முகவராகச் சேர்ந்து கிரீம் விற்றுக் கைச்செலவுக்குச் சம்பாதிக்கிறீர்கள். அறிவிக்கப்படாத அழகுப் பொருளை விற்பது குற்றம். 1984ஆம் ஆண்டு மருந்து, அழகுப்பொருள் கட்டுப்பாட்டு விதிகளை மீறும் தனிநபருக்கு முதல் குற்றத்திற்கே 25,000 வெள்ளி வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

சீரம் தீர்க்காதவை

கழுத்தின் பின்புறமும் அக்குளும் வெல்வெட் துணிபோலத் தடித்துக் கறுத்திருந்தால் அது அழுக்கல்ல. இன்சுலின் சரிவர வேலை செய்யாததன் அறிகுறியாக இருக்கலாம். தேய்த்துக் குளித்துப் பயனில்லை. இரத்தத்தில் சர்க்கரையைச் சோதியுங்கள். கன்னச் சிவப்போடு மூட்டு வலி, காய்ச்சல், வாய்ப்புண், முடி உதிர்தல் இருந்தால் லூப்பஸ் நோயாக இருக்கலாம். கிரீம் பூசிய பின் கால், முகம் வீங்கினாலோ சிறுநீரில் நுரை தொடர்ந்து வந்தாலோ தாமதிக்காதீர்கள்.

அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் குடிமக்களுக்கு வெளிநோயாளிக் கட்டணம் ஒரு வெள்ளி. தேவைப்பட்டால் அங்கிருந்தே தோல் நிபுணரிடம் அனுப்புவார்கள். பல சீரங்களின் விலையோடு ஒப்பிட்டால் இது மிக மலிவு. போகும்போது பூசிய கிரீமின் டப்பாவையும் எடுத்துச் செல்லுங்கள்.

மாணவர்களே, 'ஏன் இப்படிக் கறுத்துப்போனாய்?' என்று உறவினர் கேட்கும் கேள்வி இன்னும் சில காலம் நம் வீடுகளில் ஒலிக்கத்தான் செய்யும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்காக யாரும் தம் சிறுநீரகத்தைப் பணயம் வைக்க வேண்டியதில்லை. பருவின் தழும்பு மறைய வேண்டும் என்று விரும்புவதில் தவறில்லை. அதற்குப் பொறுமையான வழி இருக்கிறது. இன்றே உங்கள் மேசையில் உள்ள கிரீமைத் திருப்பி, பின்பக்கத்து எண்ணைத் தேடிப் பாருங்கள். உங்கள் அக்காவின் மேசையில் இருப்பதையும் சேர்த்து.