துண்டுகளாக எஞ்சிய குழு: சிமாண்டேவை முன்வைத்து

'புறக்கணிக்கப்பட்ட கலைஞன்' என்ற சொல்லை நாம் ரொம்பச் சுலபமாக உதிர்த்துவிடுகிறோம். யார் புறக்கணித்தார்கள், யார் கண்டெடுத்தார்கள் என்று கேட்பதில்லை. சிமாண்டே என்கிற இசைக்குழுவை முன்வைத்து இதைக் கேட்டுப் பார்க்கலாம்.

நான் அவர்களை முதலில் கேட்டபோது அது அவர்கள் என்றே தெரியாது. ஃப்யூஜீஸ் குழுவின் 'த ஸ்கோர்' (1996) பாடலில் பின்னால் ஒரு இசைத்துண்டு சுற்றிச் சுற்றி வரும். அது சிமாண்டேவின் 'டவ்' என்ற பத்து நிமிடத்துக்கும் மேல் ஓடும் இசையிலிருந்து வெட்டியது என்பது பல வருஷம் கழித்தே தெரிந்தது.

1971, லண்டன். கயானா, ஜமைக்கா, செயின்ட் வின்சென்ட் ஆகிய இடங்களிலிருந்து குடியேறியவர்கள் சேர்ந்து தொடங்கிய குழு. பேஸ் கிதார் ஸ்டீவ் சிப்பியோ. கிதார் பாட்ரிக் பாட்டர்சன். மூன்று வருஷம் முன்புதான் இனோக் பவல் குடியேறிகளுக்கு எதிராகப் பர்மிங்ஹாமில் பேசியிருந்தார். அதே 1971இல் புதிய குடியேற்றச் சட்டம் வந்தது. அந்தக் காற்றில் இவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயருக்குப் புறா என்று பொருள்.

இசை எப்படி? ஃபங்கில் தாளத்தின் முதல் தட்டுதான் கனம். ரெகே பெரும்பாலும் அந்த முதல் தட்டைக் காலியாக விட்டுவிடும். கிதார் இடைத்தட்டுகளில் வெட்டி வெட்டி விழும். ஒன்று ஊன்றுகிற இடத்தில் மற்றது விலகுகிறது. சிமாண்டே இரண்டையும் ஒரே வீட்டில் குடிவைத்தது. அடியில் ராஸ்தஃபாரி வழிபாட்டு முரசு, மேலே சோல் இசையின் மன்றாட்டு, நடுவில் கதைசொல்லியாகப் பேஸ் கிதார். இதற்கு அவர்களே வைத்த பெயர் 'ந்யா-ராக்'. வகைப்படுத்தியே விற்கும் சந்தைக்கு இது எந்த அடுக்கு? கலப்பு என்று நாம் கொண்டாடுவது கடைக்காரனுக்கு வெறும் தலைவலி.

1972, 73, 74 என மூன்று தொகுப்புகள். அமெரிக்காவில் 'த மெசேஜ்' விற்பனைப் பட்டியலில் ஏறியது. அல் கிரீனுடன் சுற்றுப்பயணம், ஹார்லெமின் அப்பல்லோ அரங்கு. திரும்பி வந்தால் சொந்த நகரம் கண்டுகொள்ளவில்லை. எழுபதுகளின் நடுவில் குழு கலைந்தது. சிப்பியோவும் பாட்டர்சனும் வழக்கறிஞர்கள் ஆனார்கள்.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், ஜமைக்காவில் பிறந்த கூல் ஹெர்க் போன்றவர்கள் ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை மாற்றி மாற்றி ஓட்டி, தாளம் மட்டும் ஒலிக்கும் சில நொடிகளை நீட்டிக்கொண்டே போனார்கள். 'ப்ரா' பாட்டின் நடுப்பகுதி அந்தத் தெருவிருந்துகளுக்குத் தீனியானது. 1989இல் டி லா சோல் அதே பாட்டிலிருந்து வெட்டி எடுத்தது. ஆக, லண்டன் மையம் கைவிட்டதை வாசித்தது இன்னொரு விளிம்பு.

ஆனால் இங்கேயே நின்று புல்லரிக்க வேண்டாம். அந்த வாசிப்பு துண்டை எடுத்தது, பெயரை விட்டுவிட்டது. லட்சக்கணக்கான உடல்கள் ஆடின. யாருடைய தாளம் என்று எத்தனை பேர் கேட்டார்கள்? நானும் கேட்கவில்லையே. மேற்கோள் காட்டுவது ஒருவகை மரியாதை என்றால், பெயரில்லாத மேற்கோள் எந்த வகை?

குழு மறுபடி கூடியது. 2015இல் ஒரு தொகுப்பு, 2022இல் அவர்களைப் பற்றிய ஆவணப்படம், 2025இல் இன்னொரு தொகுப்பு. கண்டெடுத்துவிட்டோம் என்று நாம் பெருமைப்பட ஒன்றுமில்லை. அவர்கள் காணாமல் போகவே இல்லை. காது நம்முடையதுதான் காணாமல் போயிருந்தது.