தமிழ்ப் படத்தைப் பத்தி உருப்படியா பேச எங்க போறது?

இந்த வாரம் எடுத்துக்கிட்டது நேயர்கள்கிட்ட இருந்து திரும்பத் திரும்ப வர்ற ஒரு கேள்வி. படம் பார்த்துட்டு வந்தா மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு, ஆனா பேச ஆள் இல்லை; ஆன்லைன்ல போனா ரசிகர் சண்டைதான் நடக்குது. நல்ல இடம் ஏதாவது இருக்கா?

இருக்கு. ஆனா எந்த ஆப்புன்னு தேடுறதை விட, அங்க எப்போ பேசுறாங்கன்னு பாருங்க.

ரிலீஸ் ஆன முதல் மூணு நாள் நடக்குறது விவாதமே இல்லை. அது டிக்கெட் வாங்கலாமா வேணாமாங்கிற கேள்விக்கான பதில். அதனாலதான் அதுல அவ்வளவு சூடு. 2024 நவம்பர்ல 'கங்குவா' வந்தப்போ, தியேட்டர் வளாகத்துல யூடியூப் விமர்சனம் எடுக்க விடாதீங்கன்னு தயாரிப்பாளர்கள் தரப்பு தியேட்டர்காரங்களைக் கேட்டாங்க. முதல் மூணு நாள் ஆன்லைன் விமர்சனத்துக்குத் தடை வேணும்னு சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் போனாங்க. விமர்சனம் கருத்துச் சுதந்திரத்துல வரும்னு சொல்லி நீதிமன்றம் தடை விதிக்கல. சரியான முடிவுன்னுதான் நான் நினைக்கிறேன். ஆனா அந்தச் சண்டையில ரெண்டு பக்கமும் பேசினது வசூலைப் பத்தித்தான்.

மார்க் போடுற பழக்கமும் நமக்குப் புதுசு இல்லை. 1977-ல வந்த '16 வயதினிலே'க்கு ஆனந்த விகடன் 62.5 மார்க் குடுத்ததை எங்க அப்பா தலைமுறை இன்னும் சொல்லிக்கிட்டு இருக்கு. ஏன் அந்த அரை மார்க்குன்னு கேட்டுப் பாருங்க, ஒருத்தருக்கும் தெரியாது!

விவாதம்னா என்னன்னு காட்ட எனக்குப் பிடிச்ச உதாரணம் 'ஆயிரத்தில் ஒருவன்'. செல்வராகவன் படம், 2010 பொங்கலுக்கு வந்துச்சு. ரெண்டாம் பாதி குழப்பமா இருக்கு, சோழர்கள் பேசுறது புரியலைன்னு நிறைய பேர் எழுந்து போனாங்க. அப்புறம் டிவி, டிவிடி, யூடியூப்னு பார்த்தவங்க மெதுவா வேற மாதிரி பேச ஆரம்பிச்சாங்க. ஒளிஞ்சு வாழ்ற ஒரு ஜனம், பசி, ராணுவம், பெண்களுக்கு நடக்குற கொடுமை. 2009 மே மாசம் ஈழத்துல போர் முடிஞ்சு எட்டு மாசத்துல வந்த படம் இதுன்னு சேர்த்து வாசிச்சாங்க. இந்த வாசிப்பை நீங்க ஒத்துக்கணும்னு இல்லை. ஆனா இது வெள்ளிக்கிழமை காலைக் காட்சி முடிஞ்சு தியேட்டர் வாசல்ல நின்னு சொல்ற விஷயம் இல்லை. பல வருஷம் ஆச்சு. 2020 டிசம்பர் 31-ஆம் தேதி படத்தை மறுபடி தியேட்டர்ல போட்டாங்க. தேதியைப் பாருங்க, கொரோனா காலம். அப்பவும் கூட்டம் வந்துச்சு.

அப்போ எங்க தேடுறது? ரெடிட்டுல கோலிவுட் குழு இருக்கு. அங்க ரிலீஸ் அன்னைக்கு வர்ற பதிவைத் தாண்டி, படம் ஓடிடிக்கு வந்த பிறகு எழுதினதைப் படிங்க. நிறுத்தி நிறுத்திப் பார்த்து, ஒரு ஷாட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டு, இது ஏன் இங்கன்னு கேட்கிறவங்க அப்பதான் வருவாங்க.

லெட்டர்பாக்ஸ்டு 2011-ல நியூசிலாந்துல ஆரம்பிச்ச தளம். பார்த்த படத்துக்கெல்லாம் டைரி மாதிரி குறிப்பு எழுதி வைக்கலாம். அங்க படத்தைத் தேடாதீங்க, ஆளைத் தேடுங்க. 'ஆரண்ய காண்டம்' மாதிரி ஒரு படத்தோட பக்கத்துக்குப் போய், நாலு பத்தி எழுதியிருக்கிறவங்களோட புரொஃபைலைத் திறங்க. ஒவ்வொருத்தரும் எத்தனை படத்துக்கு எத்தனை ஸ்டார் குடுத்தாங்கன்னு குட்டி பார் சார்ட் ஒண்ணு இருக்கும். அரை ஸ்டார், அஞ்சு ஸ்டார்னு ரெண்டு ஓரத்துல மட்டும் கம்பம் நின்னா அடுத்த ஆளுக்குப் போயிடுங்க. நடுவுல பரவியிருந்தா ஃபாலோ பண்ணுங்க. தமிழ்லயும் தாராளமா எழுதலாம், எழுதுங்க. டெலிகிராம்ல சினிமா விவாதக் குழுன்னு பேர் வச்சிருக்கிற பல இடம் திருட்டு பிரிண்ட் கை மாறுற இடம். அது வேணாம்.

குறும்படம் எடுக்கிறவங்களுக்கு இந்தத் தேடல் இன்னும் முக்கியம். நண்பன் ஒருத்தன் பன்னிரண்டு நிமிஷப் படம் எடுத்து யூடியூப்ல போட்டான். கமெண்ட் முழுக்க "செம ப்ரோ". ஆனா யூடியூப் ஸ்டுடியோவுல பார்வையாளர் எந்த நொடியில விலகுறாங்கன்னு காட்டுற கிராஃப் ரெண்டாவது நிமிஷத்துலயே பாதாளத்துக்குப் போயிருந்துச்சு. விட்டுட்டுப் போனவங்க ஏன் போனோம்னு எழுத மாட்டாங்க. எங்க ஆபீஸ்ல கோட் ரிவ்யூவுல படிக்காமலே "நல்லா இருக்கு"ன்னு அப்ரூவ் பண்றவரும் "செம ப்ரோ"வும் ஒண்ணுதான். பக் அப்படியே புரொடக்‌ஷனுக்குப் போகும். கலைஞர் டிவியில வந்த 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சியில நடுவர்கள் முகத்துக்கு நேராவே குறை சொன்னாங்க. கார்த்திக் சுப்பராஜ், நலன் குமாரசாமி, பாலாஜி மோகன் எல்லாம் அதைக் கேட்டுட்டு அடுத்த படம் எடுத்தவங்க. இன்னைக்கு அந்த வேலையை நாமளேதான் பண்ணிக்கணும். "எப்படி இருக்கு?"ன்னு கேட்டா பாராட்டுதான் வரும். "எந்த இடத்துல தள்ளிவிடத் தோணுச்சு?"ன்னு கேளுங்க. நண்பன் அப்படிக் கேட்டதும் ஆறு பேர்ல நாலு பேர் ஒரே டீக்கடை சீனைச் சொன்னாங்க.

எதுவுமே சரிப்படலைன்னா சொந்தமா ஒரு குழு ஆரம்பிச்சிடுங்க. எங்க டிஸ்கார்ட் குழுவுல ஏழு பேர், ரெண்டு வாரத்துக்கு ஒரு படம். ஒரே விதி: "புடிச்சிருக்கு", "புடிக்கல"ன்னு ஆரம்பிக்கக் கூடாது, ஒரு காட்சியைச் சொல்லித்தான் ஆரம்பிக்கணும். முடிவைப் பத்தி எழுதினா முன்னும் பின்னும் ரெண்டு ரெண்டு நேர்கோடு போடணும், டிஸ்கார்ட் அதை மறைச்சிடும்.

முதல் படம் எதுன்னு கேட்டா, பி.எஸ்.வினோத்ராஜோட 'கொட்டுக்காளி'. 2024-ல வந்துச்சு, பின்னணி இசையே கிடையாது. முடிவை நம்ம கையில குடுத்துட்டுப் போயிடுவார். எங்க குழுவுல அந்தக் கடைசி ஷாட்டைப் பத்தி இன்னும் ரெண்டு பேர் பேச்சு வார்த்தை இல்லாம இருக்காங்க.