வலிப்பு வந்தால் சாவியைத் தேடாதீர்கள்

புதுச்சேரி குருசுக்குப்பத்திலிருந்து லாஸ்பேட்டைக்கும் காலாப்பட்டுக்கும் படிக்கப் போகும் பிள்ளைகளிடம் காக்கா வலிப்பு ஏன் வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். பேய், காத்துக் கருப்பு என்று சொல்பவர் அரிது. “அது மூளை சம்பந்தப்பட்டது” என்பார்கள். சரிதான். ஆனால் பஸ்ஸில் ஒருவர் கைகால் வெட்டி இழுத்து விழுந்தால், பட்டம் படித்தவர் கையும் சாவிக்கொத்தைத்தான் துழாவுகிறது.

இரும்பைக் கையில் கொடுத்தால் வலிப்பு நிற்கும் என்ற பேர் எப்படி வந்தது? பெரும்பாலான வலிப்புகள் ஒன்றிரண்டு நிமிடத்தில் தாமாகவே அடங்கிவிடும். சாவியைத் தேடி எடுத்துத் திணிப்பதற்குள் அந்த நேரம் ஆகிவிடுகிறது. வலிப்பு தானே நின்றது, பேர் சாவிக்குப் போனது.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். சுற்றியுள்ள கல், நாற்காலியை நகர்த்துங்கள். தலைக்கு அடியில் துண்டையோ பையையோ வையுங்கள். வெட்டல் நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வைத்தால் எச்சில் வெளியே வழிந்துவிடும், மூச்சு அடைக்காது. கைகாலை அமுக்கிப் பிடிக்க வேண்டாம். வாயில் ஸ்பூன், விரல், தண்ணீர் எதுவும் வேண்டாம். பல் உடையும், புரையேறும். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலும், நினைவு திரும்பாமல் மறுபடி வந்தாலும், தண்ணீரில் இருக்கும்போது வந்திருந்தாலும் 108-ஐ அழையுங்கள்.

மூளையின் நரம்பணுக்கள் பல ஒரே நேரத்தில் கட்டுப்பாடின்றி மின் துடிப்பை வெளிவிடுவதே வலிப்பு. வெட்டி இழுக்காமலும் வரும். வகுப்பில் சில நொடி வெறித்துப் பார்த்து, பேச்சு நின்று, பிறகு ஒன்றும் நடக்காததுபோல் இருப்பதும் வலிப்பாக இருக்கலாம். கனவு காண்கிறான் என்று விட்டுவிடுகிறோம். பழைய தலைக்காயம், பிரசவத்தில் மூச்சுத் திணறல், மூளைத் தொற்று என்று காரணங்கள் பல. நம் நாட்டில் முக்கியமான ஒன்று நாடாப்புழுவின் முட்டை. அது கழுவாத காய்கறி, அசுத்தமான தண்ணீர் வழியாகவும் உள்ளே போகும் என்பதால் சைவக்காரர்களும் தப்புவதில்லை. காரணமே தெரியாதவையும் ஏராளம். வலிப்பு தொட்டால் ஒட்டாது.

கல்லூரி வயதில் வலிப்பைத் தூண்டுபவை முக்கியமாக மூன்று: மாத்திரையை விடுவது, பரீட்சைக்கு முந்தைய இரவெல்லாம் கண்விழிப்பது, குடி. புதுச்சேரியில் மூன்றாவதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. வலிப்பு கட்டுக்குள் வராதவரை தனியாகப் படகேறுவது, கடலில் குளிப்பது, வண்டி ஓட்டுவது கூடாது. ஓட்டுநர் உரிமத்துக்கான உடல்நல உறுதிமொழியிலேயே இந்த நோய் பற்றிய கேள்வி இருக்கிறது.

1949இல் அமெரிக்காவில் கேவ்னஸ் என்ற நரம்பியல் மருத்துவர் காலப் கருத்துக்கணிப்பு வழியாக மக்களிடம் சில கேள்விகள் கேட்டார். இது ஒருவகைப் பைத்தியமா, இவர்களுக்கு வேலை தரலாமா, உங்கள் பிள்ளையை வலிப்புள்ள பிள்ளையோடு விளையாட விடுவீர்களா? இன்றும் மாணவர்களிடம் நடக்கும் ஆய்வுகள் பலவற்றில் இவையே சிற்சில மாற்றங்களோடு வருகின்றன. நம் பக்கத்து ஆய்வுகளில் திருமணக் கேள்வியும் சேர்ந்தது. தாராள மனசு பெரும்பாலும் அங்கேதான் இடறுகிறது. பக்கத்தில் உட்காரலாம், பெண் எடுக்க மட்டும் யோசனை.

சட்டமே ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 1976 திருத்தம் இந்து திருமணச் சட்டத்தில் பைத்தியத்தோடு ஒரே வரியில் வலிப்பையும் தடையாக எழுதி வைத்தது. 1999இல்தான் அதை நீக்கினார்கள். வலிப்புள்ளவரின் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இந்த நோய் வருவதில்லை. ஆனாலும் வீட்டில் மறைத்துக் கட்டிக் கொடுக்கிறார்கள். மாமியார் கண்ணில் படாதிருக்கப் பெண் மாத்திரையை நிறுத்துகிறாள், வலிப்பு திரும்புகிறது. என்னைக் கேட்டால், நோயைவிட இந்த ஒளிப்புதான் அதிகக் கெடுதல் செய்கிறது.

முறையாக மருந்து எடுத்தால் பத்தில் ஏழு பேர் வரை வலிப்பில்லாமல் வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குருசுக்குப்பத்துக்கு அரசுப் பொது மருத்துவமனை பக்கம்தான். கோரிமேட்டில் ஜிப்மரின் நரம்பியல் துறை இருக்கிறது. கல்யாணம் நிச்சயமாகும் பெண்கள் மாத்திரையைத் தாங்களாக நிறுத்த வேண்டாம். கருவுக்கு ஆகாத மருந்துகள் சில உண்டு. முன்கூட்டியே சொன்னால் மருத்துவர் மாற்றித் தருவார்.