உறையாத இரத்தம்

குளிர்நாடுகளில் ஏரியின் மேற்பரப்பு பனிக்கட்டியாக மூடிக்கொண்டாலும் அடியில் கெண்டை மீன் உயிரோடு இருக்கும். நன்னீர் 0 டிகிரியில் உறையும். உப்பு கலந்த மீன் இரத்தம் உறைய இன்னும் சற்றுக் குளிர வேண்டும். கடலில் நிலைமை தலைகீழ். எலும்புள்ள கடல்மீன்களின் இரத்தத்தில் கடல்நீரைவிட உப்பு குறைவு. அண்டார்டிகாவில் கடல்நீர் மைனஸ் 1.9 டிகிரி வரை குளிர்கிறது. சாதாரண மீனின் இரத்தம் மைனஸ் 1 டிகிரியை ஒட்டியே உறைந்துவிடும்.

பிறகு அங்கே மீன்கள் எப்படி வாழ்கின்றன? 1960களில் அமெரிக்க விஞ்ஞானி ஆர்தர் டிவ்ரீஸ் விடை கண்டார். அவற்றின் இரத்தத்தில் சர்க்கரை இணைந்த ஒரு புரதம் இருக்கிறது. உடலுக்குள் புகும் நுண்ணிய பனித்துகளை அது ஒட்டிப் பிடித்து, வளரவிடாமல் தடுக்கிறது. எத்தனை நேர்த்தியான தற்காப்பு!

நம் குளங்களில் கிடைக்கும் ஜிலேபி மீனுக்கு அந்த வசதி இல்லை. ஏறக்குறைய 10 டிகிரியிலேயே அது துவண்டுவிடும். குளிரில் செவுள்களின் வேலை மந்தமாகி, உடலின் உப்பு நீரில் கசிந்துபோவது அதற்கு ஒரு காரணம். சற்றே உப்பான நீரில் அதே மீன் கூடுதல் குளிரைத் தாங்குகிறது.