நகர்ந்த நிலமும் அளந்த செய்மதியும்

பொறுமைக்குப் பூமாதேவியை உவமை கூறுவது நம் முன்னோர் வழக்கு. அப் பூமாதேவி ஒரு பிற்பகலிற் சில நிமிடங்களுள் ஐந்து மீற்றருக்கு மேல் இடம்பெயர்ந்தாள் என்றால் நம்புவார் யார்? யப்பானின் வடகிழக்குக் கரையில் 2011ஆம் ஆண்டு மார்ச் 11ஆந் திகதி அதுவே நிகழ்ந்தது. மியாகி மாகாணத்தின் ஓசிக்கா தீபகற்பத்திலுள்ள அளவை நிலையம் கிழக்கு, தென்கிழக்காக 5.3 மீற்றர் நகர்ந்ததோடு, 1.2 மீற்றர் தாழ்ந்தும் போயிற்று.

இதனை அளந்தது எங்ஙனம்? பண்டைய நில அளவையாளர் ஒரு கல்லை நிலையானதெனக் கொண்டு, சங்கிலி பிடித்து மற்றவற்றை அளந்தனர். அக் கல்லும் சேர்ந்தே நகர்ந்துவிட்டால்? ஆகவே, ஏறக்குறைய 20,000 கிலோமீற்றர் உயரத்திற் சுழலும் செய்மதிகளையே விஞ்ஞானிகள் எல்லைக் கற்களாகக் கொண்டனர். அவை அணுக் கடிகாரங்களின் நேரத்தை வானொலி அலைகளில் இடையறாது அனுப்புகின்றன. அலை வந்துசேர எடுத்த நேரத்தினின்று தூரத்தைக் கணிக்கலாம்; நான்கு செய்மதிகளின் தூரம் தெரிந்தால் நாம் நிற்கும் இடம் தெரிந்துவிடும். அலையின் ஏற்ற இறக்கங்களையும் நுணுகிக் கணக்கிட்டால், பிழை சில சென்ரிமீற்றருக்குட் சுருங்கும். இவ்வலைகளை ஏற்கும் நிலையங்கள் யப்பானில் 1,200க்கு மேல் உள்ளன. கடலடியை வானொலி அலை எட்டாது. அங்கே கப்பலிலிருந்து ஒலியை அனுப்பி அளந்தனர். மியாகிக்கு அப்பாற் கடலின் அடித்தளம் 24 மீற்றர் பெயர்ந்திருந்தது!

இஃது ஆராய்ச்சியாளரின் பொழுதுபோக்கன்று. அன்று முதல் மூன்று நிமிடங்களில் நிலநடுக்கத்தின் அளவு 7.9 என்றே கணிக்கப்பட்டது. அக் கணக்கின்படி இவாத்தே, புக்குசிமா மாகாணங்களுக்கு 3 மீற்றர் அலையே வருமென எச்சரித்தனர். உண்மை அளவோ 9.0. பல இடங்களில் அலை பத்து மீற்றரையும் கடந்தது. மூன்று மீற்றர்தானே என்று மதிற்சுவரை நம்பி நின்றோரின் கதியை என்னென்பது! பேரதிர்ச்சியின்போது நடுக்கமானிகள் தம் எல்லையை மீறித் திகைத்துவிடுகின்றன. நிலத்தின் பெயர்ச்சியோ அவ்வாறு ஏமாற்றுவதில்லை. அப் பெயர்ச்சியைக் கொண்டு சில நிமிடங்களுள் உண்மை அளவைக் கணிக்கும் ஏற்பாடு இன்று அங்கு இயங்குகின்றது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி நம் கரையோரங்கள் பட்ட துயரை அறிந்த நமக்கு, அச் சில நிமிடங்களின் விலையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

ஓசிக்காவின் கதை அத்துடன் முடியவில்லை. தாழ்ந்த நிலம் ஆண்டுதோறுஞ் சிறிது சிறிதாக மீண்டும் உயரலாயிற்று. கடல் ஏறிவிட்டதென்று உயர்த்திக் கட்டிய மீன்பிடித் துறைமேடைகள், வரவர வள்ளங்களுக்கு எட்டாத உயரமாயின. மீனை இறக்குவதே பெரும்பாடாயிற்று. சில துறைகளில், அரும்பாடுபட்டு உயர்த்திய மேடையை மறுபடியும் வெட்டித் தாழ்த்தினர்.