கிளினிக் நாளில் பட்டினி கிடக்க வேண்டாம்

வன்னியிலிருந்து ராகம புனர்வாழ்வு வைத்தியசாலைக்குக் கிளினிக்குக்காக வரும் எமது பெண்கள் பலருக்கு வெள்ளவத்தைதான் தங்குமிடம். உறவினர் வீடு இருந்தால் அங்கே, இல்லாவிட்டால் காலி வீதியை அண்டிய லொட்ஜ் ஒன்றில். என் மச்சாளும் அப்படித்தான் எங்கள் வீட்டுக்கு வந்தாள். 2009 இல் ஷெல் துண்டு முதுகில் பாய்ந்த நாளிலிருந்து இடுப்புக்குக் கீழே அவளுக்கு உணர்வில்லை. வந்த அன்று இரவு அம்மா இடியப்பமும் சொதியும் வைத்துக் கூப்பிட்டார். "பசிக்கேல்லை மாமி" என்றாள். விடியத் தேத்தண்ணியும் வேண்டாம் என்றுவிட்டாள். தன் சமையல் பிடிக்கவில்லையாக்கும் என்று அம்மா மனம் நொந்து போனார்.

கிளினிக் முடிந்து வந்த பிறகுதான் அறைக் கதவைச் சாத்திவிட்டு என்னிடம் சொன்னாள். "வானுக்குள்ள வெளிக்குப் போயிட்டா என்னடி செய்யிறது? அதுதான் முதல் நாள் மத்தியானத்தோட சாப்பாட்டை நிப்பாட்டிப் போடுவன்." பயணத்துக்கு மட்டுமல்ல, கலியாணவீடு, கோயில் திருவிழா, பிள்ளையின் பள்ளிக்கூடக் கூட்டம் எல்லாவற்றுக்கும் இதே பட்டினிதான். காயப்பட்ட காலத்தில் சிகிச்சை பெற்ற இடத்தில் இதைப்பற்றி அவளுக்கு ஒருவரும் விளக்கமாகச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. ஆண் வைத்தியரிடம் எப்படிக் கேட்பது?

பட்டினியால் பயனில்லை என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்பு வடம் பாதிக்கப்பட்டாலும் குடல் செத்துப் போவதில்லை. அது மெதுவாகவேனும் தன் பாட்டில் அசைந்துகொண்டே இருக்கும். "வெளிக்குப் போக வேண்டும்" என்ற செய்தி மூளைக்குப் போவதும், "கொஞ்சம் பொறு" என்ற கட்டளை திரும்பி வருவதும்தான் நின்றுவிடுகின்றன. சாப்பாட்டையும் தண்ணீரையும் குறைத்தால் மலம் காய்ந்து இறுகி உள்ளே அடைபடும். அப்படி அடைபட்ட மலத்தைச் சுற்றிக்கொண்டு மேலேயிருந்து தண்ணீர்போலக் கசியும். இதை வயிற்றோட்டம் என்று எண்ணி, பாமசியில் வயிற்றோட்டத்தை நிறுத்தும் குளிசை வாங்கிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் அடைப்பு இன்னும் இறுகும். பல நாட்களாகச் சரியாகப் போகாமல், பிறகு திடீரென நீராகக் கசிந்தால் அடைப்பாக இருக்கலாம் என்று சந்தேகித்து வைத்தியரிடம் காட்டுங்கள்.

குடலைப் பட்டினி போடுவதை விட்டு அதற்கு நேரம் பழக்குவதே வழி. சாப்பிட்டு அரை மணித்தியாலத்துக்குள் பெருங்குடல் இயல்பாகவே கூடுதலாக அசையும். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகோ இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகோ ஒரு நேரத்தைத் தெரிவுசெய்து, தினமும் அல்லது ஒன்றுவிட்ட ஒரு நாள், அதே நேரத்தில் செய்ய வேண்டும். நேரம் பிடிபடச் சில வாரங்கள் செல்லும். நாலு நாள் செய்துவிட்டு "எனக்குச் சரிவரேல்லை" என்று விடுவதுதான் எங்களில் பலர் விடும் பிழை. ஒரு கொப்பியில் என்ன சாப்பிட்டோம், எத்தனை மணிக்குப் போனது, எப்படிப் போனது என்று எழுதி வையுங்கள். கிளினிக்கில் அந்தக் கொப்பியை நீட்டினால் பாதிக் கூச்சம் குறைந்துவிடும்.

எல்லோருக்கும் ஒரே முறை பொருந்தாது. பாதிப்பு மேலே இருந்தால் மலவாசல் தசை இறுக்கமாக இருக்கும், தூண்டினால் குடல் தானாகத் தள்ளும். இவர்களுக்கு மலம் மெதுமையாக இருப்பது நல்லது. மலவாசலில் வைக்கும் குளிசையோடு, கையுறை அணிந்து ஜெல் பூசிய விரலை மெல்ல உள்ளே விட்டு, குடலின் சுவரோடு சேர்த்து வட்டமாக 15 முதல் 20 விநாடிகள் அசைப்பார்கள். சில நிமிடங்கள் விட்டுத் திரும்பச் செய்வார்கள். பாதிப்பு முள்ளந்தண்டின் அடிப்பகுதியில் என்றால் தசை தளர்ந்திருக்கும், தூண்டுதலுக்கு இசையாது. அவர்களுக்கு மலம் சற்று இறுக்கமாக இருந்தால்தான் கசியாது. விரலால் எடுத்துவிட வேண்டிவரும், பெரும்பாலும் தினமும். தாங்கள் எந்த வகை என்பதை வைத்தியரிடமோ தாதியிடமோ கேட்டறிந்து, முதற்தடவை அவர்கள் முன்னால் பழகிக்கொள்வது அவசியம். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். இரத்தம் கண்டால் நிறுத்துங்கள். பெண்கள் எப்போதும் முன்னிருந்து பின்னாகவே துடைக்கவும் கழுவவும் வேண்டும், இல்லாவிட்டால் சலக்குழாயில் கிருமி தொற்றும்.

நெஞ்சு மட்டத்திலோ அதற்கு மேலேயோ பாதிப்புள்ளவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. இதைச் செய்யும்போது திடீரெனத் தலை இடித்து, முகம் சிவந்து வியர்த்தால் இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறுகிறது என்று பொருள். உடனே நிறுத்தி, நிமிர்த்தி இருத்தி, உடுப்பைத் தளர்த்தி, சலம் போகும் குழாய் மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். தணியாவிட்டால் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை விலை கூடிய எதுவும் தேவையில்லை. சிவப்பரிசி, குரக்கன், முருங்கையிலை, பப்பாப்பழம் போதும். நார்ச்சத்தைக் கூட்டினால் தண்ணீரையும் கூட்ட வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். சலத்துக்கு நேரக்கணக்கு வைத்திருப்பவர்கள் எவ்வளவு குடிக்கலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரும்புச்சத்துக் குளிசையும் சில நோக் குளிசைகளும் மலத்தை இறுக்கும். அவற்றைத் தாங்களாக நிறுத்தாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

இனி, உதவி செய்வது யார் என்ற கேள்வி. மச்சாளுக்கு இதுவரை செய்தது அவளுடைய பதின்மூன்று வயது மகள். பிள்ளை முகம் சுளித்ததில்லை, ஆனால் பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப் போவாள். கை இயங்குகிற பெண் பெரும்பாலும் தானே செய்யப் பழகலாம். இடப்பக்கம் சரிந்து படுத்தோ, நடுவில் ஓட்டையுள்ள மெத்தைக் கதிரையில் இருந்தோ செய்யலாம். வெறும் கொமோட்டில் நெடுநேரம் இருந்தால் உணர்வில்லாத தோலில் படுக்கைப்புண் வரும். மாங்குளத்தில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்களுக்காக இயங்கும் உயிரிழை போன்ற அமைப்புகளில், இதே வாழ்க்கை வாழ்பவர்களிடம் கேட்டுப் பழகுவது இன்னும் சுலபம். வெட்கம் அங்கே பாதிவழியிலேயே கழன்றுவிடும்.

வேலூரின் டாக்டர் மேரி வர்கீஸ் 1954 இல் வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே இயக்கமிழந்தவர். சக்கர நாற்காலியில் இருந்தபடியே சத்திரசிகிச்சை செய்தார். அவரைப் பற்றிச் சொல்கிறவர்கள் மனவுறுதியைத்தான் சொல்வார்கள். சத்திரசிகிச்சைக் கூடத்துக்குப் போகுமுன் காலையில் அவருக்கு எவ்வளவு வேலை இருந்திருக்கும் என்று நான் யோசிப்பதுண்டு.

அடுத்த கிளினிக்குக்கு மச்சாள் ஒரு நாள் முந்தி வந்தாள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் இப்போது அவளுடைய நேரம். எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவுக்குள் அவளுடைய கதிரை நுழையாது. தச்சரைக் கூப்பிட்டுக் கதவைக் கழற்றிவிட்டு, அம்மாவின் பழைய சேலையைத் திரையாகத் தொங்கவிட்டோம். உள்ளே போய் முக்கால் மணித்தியாலம் இருந்தாள். வெளியே அம்மா ரேடியோவைச் சத்தமாகப் போட்டுவிட்டு, விடியற்காலைப் புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தார்.